மருந்துக்குக் கேட்கும் என்கிறது ரிப்போர்ட், அப்புறம் குழாயை ஏன் எடுக்க வேண்டும்?

கேள்வி:

வணக்கம் டாக்டர். பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பாவுக்கு 66 வயது, இனிப்பு நீர் உள்ளவர். மூன்று வருடமாக வீட்டிலேயே, வயிற்றில் போட்ட குழாய் வழியாகத் தண்ணீர் விட்டு டயாலிசிஸ் செய்கிறோம், சிஏபிடி. ஒரு நாளைக்கு நாலு பை. நான்தான் மாற்றிவிடுவேன், எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று தினமும் நோட்டில் எழுதியும் வைக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்பு வயிற்றில் கிருமி வந்து மூன்று வாரம் ஆன்டிபயாடிக் போட்டார்கள், சரியானது. இப்போது மறுபடியும் தண்ணீர் கலங்கலாக வந்தது. இந்தத் தடவை பங்கஸ் என்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'கேண்டிடா பாராப்சிலோசிஸ்' என்று பெயரும், ஃபுளுகோனசோல் மருந்துக்கு 'சென்சிட்டிவ்' என்றும் போட்டிருக்கிறது. மருந்து கேட்கும் என்றுதானே அதற்கு அர்த்தம்? ஆனால் டாக்டர் குழாயை உடனே எடுத்துவிட்டு ரத்த டயாலிசிஸுக்கு மாற வேண்டும் என்கிறார். அப்பா மறுக்கிறார். மருந்து ஆரம்பித்து இரண்டு நாளில் தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருக்கிறது, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்கிறார். அத்தை வந்து, என் கை சுத்தமில்லாததால்தான் இப்படி ஆனது என்று சொல்லிவிட்டுப் போனார். குழாய் வாசலில் மஞ்சள் வைக்கச் சொன்னார். எனக்குத் தூக்கமே இல்லை. குழாயை எடுக்காமல் இன்னும் வலுவான மருந்து கொடுக்க முடியாதா? எடுத்தால் திரும்பப் போடலாமா? தவறு என்னுடையதா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று இரவே நாலு வரி தனியாக அனுப்பியிருந்தேன்: குழாயை எடுக்கச் சம்மதியுங்கள், ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம். அதற்கான காரணத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். இதே இடத்தில் நின்று தவிக்கும் வேறு குடும்பங்களுக்கும் பயன்படும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தவறு உங்களுடையது இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

நான் சிறுநீரக டாக்டர் இல்லை. பினாங்கில் ஆஸ்பத்திரி லேப்பில் கிருமிகளைப் பார்க்கும் டாக்டர். உங்கள் அப்பாவைப் போன்றவர்களின் முகத்தை நான் பார்ப்பது அபூர்வம், அவர்கள் வயிற்றிலிருந்து வந்த தண்ணீர்தான் என் மேசைக்கு வரும். அதனால் உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட்டிலிருந்தே தொடங்குகிறேன். 'சென்சிட்டிவ்' என்ற அந்தச் சொல் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கலங்கிய தண்ணீர் லேப்புக்கு வந்ததும் முதலில் வெள்ளை அணுக்களை எண்ணுவோம். ஒரு மைக்ரோலிட்டரில் 100-க்கு மேல் இருந்து, அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் வகையாக இருந்தால் வயிற்றின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் வயிற்று உறையில் அழற்சி என்று எடுத்துக்கொள்வோம். அடுத்து, தண்ணீரை வேகமாகச் சுழற்றி, அடியில் தங்குவதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைப்போம். பாக்டீரியா என்றால் பொடிப் புள்ளிகளாக, குச்சிகளாகத் தெரியும். பங்கஸ் என்றால் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரிதாக, கருநீலத்தில், முட்டை வடிவத்தில் இருக்கும். ஒன்றிரண்டின் தோளில் சின்னதாக ஒரு மொட்டு முளைத்திருக்கும். வயிற்றுத் தண்ணீரில் அந்த மொட்டைப் பார்த்தால் நான் கையில் இருக்கும் மற்ற வேலையை அப்படியே வைத்துவிட்டு வார்டுக்கு போன் செய்வேன். கிருமி வளர்ந்து பெயர் தெரியும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை அது.

வளர்ப்புத் தட்டில் இரண்டு நாளில் பங்கஸ் வெண்மையாக, கிரீம் தடவினது போல வளர்ந்து நிற்கும். மூடியைத் திறந்தால் ரொட்டி மாவு புளித்த வாடை வரும். அதில் கொஞ்சம் எடுத்துக் கரைத்து, வரிசையாகக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் விடுவோம். குழிக்குக் குழி மருந்தின் அளவு இரட்டிப்பாகிக்கொண்டே போகும். 24 மணி நேரம் கழித்து எந்தக் குழியில் வளர்ச்சி அடங்கியிருக்கிறது என்று பார்ப்போம். குறைந்த அளவு மருந்திலேயே அடங்கிவிட்டால் 'சென்சிட்டிவ்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.

அந்தக் குழிகளில் இருந்தவை எல்லாம் தண்ணீரில் தனித்தனியாக மிதந்த செல்கள். அப்பாவின் வயிற்றுத் தண்ணீரிலும் அப்படி மிதப்பவை உண்டு. மருந்து அவற்றை அடக்கும், அந்த அளவில் ரிப்போர்ட் சொன்னது சத்தியம். இரண்டு நாளில் தண்ணீர் தெளிந்ததும் அதனால்தான். ஆனால் மிதப்பவை எங்கிருந்து வருகின்றன? குழாயின் சுவரில் ஒரு கூட்டம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தை நாங்கள் சோதிக்கவே இல்லை. அன்றாட லேப் வேலையில் அதைச் சோதிக்க எல்லோரும் ஏற்றுக்கொண்ட முறையும் இல்லை. இதை ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரியாகப் போட்டால் எத்தனையோ குடும்பங்களின் குழப்பம் குறையும் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

ஒட்டி உட்கார்ந்த அந்தக் கூட்டத்துக்குப் பயோஃபிலிம் என்று பெயர், தமிழில் உயிர்ப்படலம். பெயர்தான் புதிது, நீங்கள் அதைத் தொட்டிருக்கிறீர்கள். சமையலறை சிங்க்குக்கு அடியில் வளைந்த குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்சுவரில் ஒரு வழுவழுப்பு இருக்குமே, அது உயிர்ப்படலம். மேலிருந்து குளோரின் ஊற்றினால் இரண்டு நாள் வாடை போகும், மூன்றாம் நாள் திரும்ப வரும். குழாயைக் கழற்றித் தேய்த்தால்தான் போகும். காலையில் பல் துலக்குமுன் நாக்கால் தடவினால் பல்லில் ஒரு பிசுபிசுப்பு தட்டுப்படுகிறதே, அதுவும் அதுதான். லேவன்ஹுக் என்ற டச்சுக்காரர் 1680களிலேயே தன் பல்லில் சுரண்டிய அழுக்கை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் உயிர்கள் நெளிவதைக் கண்டார். வினிகரால் வாயைக் கொப்பளித்துப் பார்த்தார். வெளிப்பக்கம் இருந்தவை மட்டும் செத்தன, படலத்துக்கு உள்ளே இருந்தவற்றை வினிகர் எட்டவில்லை. சுரண்டி எடுத்து வினிகரில் கலந்தபோது எல்லாம் செத்தன. உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டுக்கும் அவர் வயிற்றுக்கும் உள்ள வித்தியாசம் இதேதான்.

சரி, குழாயில் இது எப்படி உண்டாகிறது? அப்பாவின் வயிற்றில் இருப்பது டென்காஃப் குழாய். 1968-இல் சியாட்டிலில் ஹென்றி டென்காஃப் வடிவமைத்தது: மெல்லிய சிலிகான் குழாய், தோலுக்கு அடியில் தசையோடு பிடித்துக்கொள்ள டாக்ரான் துணி வளையங்கள். லட்சக்கணக்கானவர்களை வீட்டிலேயே டயாலிசிஸ் செய்ய வைத்த அருமையான பொருள். ஆனால் உயிரில்லாத பொருள். நம் குடலிலும் தோலிலும் செல்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும், ஒட்டிய கிருமியும் கூடவே உதிரும். சிலிகான் உதிராது. உடம்புக்குள் போன கொஞ்ச நேரத்திலேயே அதன்மேல் நம் உடம்பின் புரதங்கள் ஒரு பூச்சாகப் படிந்துவிடும். கேண்டிடாவின் மேல்தோலில் அந்தப் பூச்சைப் பற்றிக்கொள்ளும் கொக்கிகள் போன்ற புரதங்கள் இருக்கின்றன. ஒட்டிக்கொள்ள ஒன்றிரண்டு மணி நேரம் போதும். ஒட்டியது மொட்டு விட்டுப் பெருகும், சங்கிலி போல நீளும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அப்புறம் எல்லாம் சேர்ந்து தங்களைச் சுற்றி ஒரு பசையைக் கசிய விடும். லேப்பில் வளர்த்துப் பார்த்தால் 24-இலிருந்து 48 மணி நேரத்துக்குள் படலம் முற்றிவிடுகிறது.

இதில் பாராப்சிலோசிஸுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதன் நெருங்கிய உறவான அல்பிகான்ஸ் அளவுக்கு அடர்த்தியான படலம் கட்டாது, நீண்ட உண்மையான இழைகளும் விடாது. ஆனால் பிளாஸ்டிக்கும் சர்க்கரையும் சேர்ந்த இடம் அதற்கு மிகவும் பிடிக்கும். டயாலிசிஸ் பையில் இருப்பது சர்க்கரைத் தண்ணீர்தானே? 2 லிட்டர் மஞ்சள் பையில் சுமார் 30 கிராம், பச்சையில் 50, சிவப்பில் 85 கிராம் சர்க்கரை. உடம்பிலிருந்து நீரை இழுப்பதே அந்தச் சர்க்கரைதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாளைக்கு நாலு முறை அந்தத் தண்ணீர் குழாயின் சுவரைத் தடவிக்கொண்டு போகிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: மருந்து ஏன் தோற்கிறது?

முதல் தடை அந்தப் பசை. அதில் குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி நிறைய இருக்கிறது. ஃபுளுகோனசோல் அதில் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் செல்லைப் போய்ச் சேரவேண்டிய மருந்து வாசலிலேயே சிக்கி நின்றுவிடுகிறது. லேப்பில் அந்தக் குளுக்கானைச் செய்யும் மரபணுவை அடக்கியோ, குளுக்கானைக் கரைக்கும் நொதியை ஊற்றியோ பார்த்திருக்கிறார்கள். பசை போனதும் அதே செல்கள் மருந்துக்கு மசிந்தன.

பசையைத் தாண்டிக் கொஞ்சம் மருந்து உள்ளே போனாலும், செல்லின் சுவரில் சின்னச் சின்ன பம்புகள் இருக்கின்றன. மேற்பரப்பில் ஒட்டிய சில மணி நேரத்திலேயே அவை வேலை செய்ய ஆரம்பித்துவிடும், வந்த மருந்தை வெளியே தள்ளும். படலம் இளசாக இருக்கும்போது பம்புகள்தான் காப்பு, முற்றிய பிறகு பசை பார்த்துக்கொள்கிறது. அதோடு, ஃபுளுகோனசோல் தாக்குவது எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைச் செய்யும் வேலையை. பங்கஸ் தன் சவ்வுக்கு அதைத்தான் நம்பியிருக்கும். முற்றிய படலத்தில் இருக்கும் செல்கள் அந்தக் கொழுப்பைக் குறைத்துக்கொண்டு வாழப் பழகிவிடுகின்றன. அடிக்க வந்தவன் தேடும் ஆள் வீட்டில் இல்லாத மாதிரி.

அப்புறம் உறங்கும் செல்கள். கேண்டிடா படலங்களில் ஒரு சிறு பங்கு செல்கள் வளராமல், எதுவும் செய்யாமல் சுருண்டு கிடக்கும். மருந்துகள் எல்லாம் வேலை செய்துகொண்டிருக்கும் செல்லைத்தான் பிடிக்கும். மற்றவை செத்தபின் இவை விழித்து, காலியான இடத்தில் மறுபடி குடியேறும். இவை மரபணு மாறிய செல்கள் இல்லை, அதனால் திரும்பத் திரும்பத் தண்ணீரை அனுப்பினாலும் எங்கள் ரிப்போர்ட்டில் 'சென்சிட்டிவ்' என்றே வரும். மருந்து தோற்றுக்கொண்டே இருக்கும், தாள் மட்டும் நல்ல சேதி சொல்லிக்கொண்டே இருக்கும். என் வேலையில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

இத்தனையும் சேர்ந்து, மிதக்கும் செல்லை அடக்கும் அளவைவிட நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்தையும் படலம் தாங்குவதை லேப்பில் காண்கிறோம். அந்த அளவை மனித உடம்பில் செலுத்த முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபுளுகோனசோல் கேண்டிடாவை வளரவிடாமல் நிறுத்தும், கொல்வது பெரும்பாலும் நம் வெள்ளை அணுக்களின் வேலை. அப்பாவின் வயிற்றிலோ தினமும் நாலு முறை தண்ணீரை வடித்துவிடுகிறோம், அணுக்களும் அதோடு போய்விடுகின்றன. மிஞ்சியவை சர்க்கரைத் தண்ணீரில் சோர்ந்துபோய் வேலை செய்கின்றன. படலத்தின் பசை அவற்றையும் தடுக்கிறது.

வலுவான மருந்து கேட்டீர்கள். இருக்கிறது. கேஸ்போஃபங்கின், மிகாஃபங்கின் வகை ஊசிகள் அந்தக் குளுக்கானைச் செய்வதையே தடுப்பவை. கொழுப்புறை போட்ட ஆம்ஃபோடெரிசின் பி என்ற ஊசியும் உண்டு. இரண்டும் படலத்தின்மேல் ஃபுளுகோனசோலைவிட நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் கேஸ்போஃபங்கின் வகைக்கு பாராப்சிலோசிஸ் இயல்பிலேயே கொஞ்சம் அடங்காத பங்கஸ். எந்த மருந்தைக் கொடுத்தாலும், வயிற்று டயாலிசிஸ் குழாயில் பங்கஸ் என்றால் உடனே குழாயை எடு என்பதுதான் உலகம் முழுவதும் சிறுநீரக டாக்டர்கள் பின்பற்றும் வழிகாட்டுதல். எடுத்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் மருந்து தொடரும். 24 மணி நேரத்துக்குள் எடுத்தவர்கள், தாமதித்தவர்களைவிட அதிகம் பிழைத்திருக்கிறார்கள் என்று ஆய்வும் இருக்கிறது. உங்கள் டாக்டர் அவசரப்படவில்லை, சரியாகச் சொல்கிறார்.

அப்பாவிடம் நேராகப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. ஐயா, தண்ணீர் தெளிந்ததைப் பார்த்து நம்பிக்கை வைத்திருக்கிறீர்கள், புரிகிறது. முற்றிய படலத்திலிருந்து செல்கள் அவ்வப்போது கழன்று தண்ணீரில் கலக்கும், அதுதான் கலங்கல். மருந்து அவற்றை அடக்கும்போது தண்ணீர் தெளியும், மருந்து ஓய்ந்தால் மறுபடி கலங்கும். நடுவில் போகிற ஒவ்வொரு நாளும் உங்கள் வயிற்று உறை பழுதாகிறது. அழற்சி நீடித்தால் உறை தடித்து, குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த உறைதான் மூன்று வருடமாக உங்களுக்கு வடிகட்டியாக உழைத்தது. குழாய் போனால் இன்னொன்று போடலாம். உறை போனால் வீட்டு டயாலிசிஸுக்குத் திரும்ப வழியே இல்லை. ரத்த டயாலிசிஸுக்குப் போக வேண்டாம் என்பதற்காகத்தான் நீங்கள் மறுக்கிறீர்கள். அதற்காகவே சொல்கிறேன், குழாயை இப்போதே கொடுத்துவிடுங்கள்.

பங்கஸ் என்றால் நம் ஆட்களுக்குப் படையும் தேமலும்தான் நினைவுக்கு வரும், களிம்பு தடவினால் போகும் என்ற எண்ணம். உயிருக்கு ஆபத்தான 19 பங்கஸ்களின் பட்டியலை உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்டது. பாராப்சிலோசிஸ் அதில் இரண்டாம் அடுக்கில் இருக்கிறது. வயிற்றுக்குள் வந்த பங்கஸால் இறந்தவர்களின் தண்ணீரை நான் பார்த்திருக்கிறேன். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒரு வாரம் பார்க்கலாம் என்ற பேச்சு வீட்டில் இனி எழக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி தவறு யாருடையது என்பதற்கு வருகிறேன். வயிற்றில் பங்கஸ் வருவதற்கு முன்னால் நடப்பதாக நாங்கள் திரும்பத் திரும்பக் காண்பது ஆன்டிபயாடிக். அப்பாவுக்கு இரண்டு மாதம் முன்பு மூன்று வாரம் போட்டார்கள், போட்டே ஆக வேண்டிய மருந்து. அது கெட்ட பாக்டீரியாவைக் கொன்றது, கூடவே குடலிலும் தோலிலும் இருந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்றது. அவை இருந்தவரை பங்கஸுக்கு இடமில்லை. இடம் காலியானதும் அது பரவியது. இனிப்பு நீரும் அதற்குச் சாதகம்.

பாராப்சிலோசிஸ் மனிதர்களின் கையில் வாழ்வது உண்மைதான். உங்கள் கையில் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரி மிஸ்ஸிகளின் (நர்ஸ்களின்) கையிலும், என் கையிலும், உங்கள் அத்தையின் கையிலும் இருக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவினாலும் கொஞ்ச நேரத்தில் மறுபடி வரக்கூடியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு நாலு பை, வருடத்துக்கு 1,460. மூன்று வருடத்தில் நாலாயிரத்துக்கும் மேல் முறை குழாயைத் திறந்து மூடியிருக்கிறீர்கள். அத்தனை முறையும் அப்பாவைக் காப்பாற்றிய கைகள் அவை. இந்த வரியை அத்தைக்கும் படித்துக் காட்டுங்கள்.

மஞ்சள் வேண்டாம். வேப்பிலை, தேங்காய் எண்ணெய், திருநீறு எதையும் குழாய் வாசலில் வைக்க வேண்டாம். கடையில் வாங்கிய மஞ்சள் தூள் கிருமி நீக்கியது இல்லை, அதிலேயே பூஞ்சை விதைகள் இருக்கும். குழாயை எடுத்த புண் ஆறும்வரையும் இதே விதி. கட்டுப் போடுவதற்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பதைத் தவிர வேறு எதுவும் அந்த இடத்தைத் தொடக்கூடாது.

குழாயை எடுத்தபின் முதலில் ரத்த டயாலிசிஸுக்குக் கழுத்தில் ஒரு தற்காலிகக் குழாய் போடக்கூடும். அதுவும் பிளாஸ்டிக்தான், அதிலும் படலம் கட்டலாம், அதுவும் நேராக ரத்தத்தில். குளிக்கும்போது நனையக்கூடாது. டயாலிசிஸ் நடக்கும்போது குளிர் நடுக்கமோ காய்ச்சலோ வந்தால் உடனே மிஸ்ஸியிடம் சொல்ல வேண்டும், வீட்டுக்குப் போய் பனடோல் போட்டுப் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. ரத்த டயாலிசிஸ் நீளும்போல இருந்தால், கையில் ஃபிஸ்துலா எப்போது செய்யலாம் என்று நீங்களே கேளுங்கள். ஃபிஸ்துலா என்பது சொந்த ரத்தக் குழாய்களையே இணைத்துச் செய்வது. கிருமி ஒட்ட உள்ளே பிளாஸ்டிக் இருக்காது. ஃபிஸ்துலா செய்யப்போகிற கையில் இப்போதிருந்தே ரத்தம் எடுக்க விட வேண்டாம்.

அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருந்தாளரிடம் காட்டுங்கள். ஃபுளுகோனசோல் மற்ற மருந்துகளோடு மோதும். கிளிக்லசைட் போன்ற இனிப்பு நீர் மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கொழுப்புக்குச் சாப்பிடும் சிம்வாஸ்டாட்டினோடு சேர்ந்தால் தசைக்குக் கேடு. ரத்தத்தை உறையவிடாத வார்ஃபரின் எடுப்பவராக இருந்தால் ரத்தம் உறைவது அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். இன்னொன்று, ரத்த டயாலிசிஸ் இயந்திரம் ஃபுளுகோனசோலையும் வடித்துவிடும், அதனால் டயாலிசிஸ் நாளில் அது முடிந்த பிறகுதான் மருந்து. இதை வார்டில் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் என்ற ரத்த டயாலிசிஸ் வாழ்க்கை அப்பாவுக்குப் பெரிய இழப்பு. தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரம்வரை பையைத் தூக்கிக்கொண்டே போய்வந்த சிஏபிடி நோயாளிகளை எனக்குத் தெரியும். அந்தச் சுதந்திரத்தை விட்டுக்கொடுப்பது சின்ன விஷயம் இல்லை, அவர் கோபப்பட்டால் விட்டுவிடுங்கள். செலவைப் பற்றி ஆஸ்பத்திரியின் சமூகநலப் பிரிவில் பேசுங்கள். அப்பா வேலை செய்த காலத்தில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதி) கட்டியவர் என்றால் அந்த வழியில் தகுதி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

திரும்பப் போடலாமா என்று கேட்டீர்களே, சிலருக்குப் போட முடிகிறது. காய்ச்சலும் வலியும் முழுக்கப் போய், மருந்து முடிந்து, குறைந்தது சில வாரங்கள் கழித்துப் பேச வேண்டிய விஷயம் அது. வயிற்றுக்குள் ஒட்டல் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. எல்லோருக்கும் முடிவதில்லை, அதையும் அப்பாவிடம் மறைக்க வேண்டாம். சீக்கிரம் எடுத்தால் உறை பிழைக்க வாய்ப்பு கூடும் என்றுதான் நான் நம்புகிறேன்.

அப்படி ஒரு நாள் திரும்ப ஆரம்பித்தால், ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். இனி அப்பாவுக்கு எந்தக் காரணத்துக்காக ஆன்டிபயாடிக் எழுதினாலும், பல் பிடுங்க கிளினிக் போனாலும்கூட, "கூடவே பங்கஸ் தடுப்பு மருந்து வேண்டுமா?" என்று சிஏபிடி யூனிட்டுக்கு போன் செய்து கேளுங்கள். நிஸ்டாட்டின் என்ற பழைய மருந்து இதற்கு உதவும். எலிசபெத் ஹேஸன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் மண்ணிலிருந்து வந்த ஒரு நுண்ணுயிரில் கண்டுபிடித்து 1950-இல் அறிவித்தது. தாங்கள் வேலை பார்த்த நியூயார்க் ஸ்டேட்டின் பெயரையே அதற்கு வைத்தார்கள். வாயால் சாப்பிட்டால் ரத்தத்தில் சேராமல் குடலிலேயே நின்று அங்குள்ள கேண்டிடாவைக் குறைக்கும். ஆன்டிபயாடிக் ஓடும் நாட்களில் இதைக் கூடவே கொடுக்கச் சொல்லி வழிகாட்டுதலும் இருக்கிறது.

பை மாற்றும்போது கையைக் கழுவியபின் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள், ஈரக் கையில் கிருமி சுலபமாக ஏறும். மோதிரம், வளையல் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். காற்றாடியை நிறுத்திவிட்டு, வாயை மூடி மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். இதையெல்லாம் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

குழாயை எடுத்ததும் அதன் நுனியை லேப்புக்கு அனுப்பினார்களா என்று வார்டில் கேட்டுவையுங்கள். அந்த மாதிரிக் குழாய்கள் எங்களுக்கு வரும்போது கையுறை விரலால் உள்சுவரைத் தொட்டால், சில நேரம், அந்த சிங்க் குழாயின் வழுவழுப்பு அப்படியே தட்டுப்படும். அப்புறம், தினமும் எழுதி வைக்கிற அந்த நோட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். திரும்பப் போடுவதைப் பற்றிப் பேசும் நாள் வந்தால், அப்பாவின் வயிற்று உறை மூன்று வருடம் எப்படி வேலை செய்தது என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி உங்களிடம் வேறு இல்லை.

அன்புடன்,
உங்கள் அக்கா